சித்திரை வெயிலும் பிக்கப் வண்டிக் காற்றும்

நம்பிக்கை: "வெயில் காலம் தம்பி, அஞ்சு பாயின்ட் குறைச்சே அடி. இல்லேன்னா டயர் வெடிச்சிடும்."

பங்குனி பிறந்ததுமே பஞ்சர் கடைகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். ஒட்டன்சத்திரத்தில் தக்காளி ஏற்றிக் கிளம்பும் பிக்கப் ஓட்டுநரும் இதைத்தான் சொல்வார். சூட்டில் காற்று விரியும் என்பது சரிதான். எவ்வளவு விரியும்? காலையில் 25 டிகிரியில் 50 பிஎஸ்ஐ அடித்த டயரில், நண்பகல் 40 டிகிரிக்கு ஏறுவது சுமார் 3 பிஎஸ்ஐ. ஓடுகிற சூட்டில் இன்னும் சற்று ஏறும். அதையெல்லாம் கணக்கில் வைத்துத்தான் வண்டி நிறுவனம் அளவைக் குறித்திருக்கிறது.

டயரைக் கெடுப்பது காற்றுக் குறைவு. சக்கரம் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் கை சுடுமே, அதே கதை. அந்தச் சூட்டில் உள்ளே ஒட்டு விட்டுப்போய், ஒருநாள் பட்டை உரிந்து பறக்கும்.

2000-இல் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பட்டை உரிந்தவற்றில் பெரும்பாலானவை அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற வெயில் மாநிலங்களில் ஓடியவை. டயரிலும் கோளாறு இருந்தது. ஆனால் அந்த டயர்களில் பல மாட்டியிருந்த எக்ஸ்ப்ளோரர் வண்டிக்கு, அதைச் செய்த ஃபோர்டு சொன்ன அளவு 26 பிஎஸ்ஐ. டயர் நிறுவனம் பிறகு கேட்டது 30. அந்த நான்கைப் பற்றியும் இரு நிறுவனங்களும் ஊரறியச் சண்டை போட்டன. நாம் ஐந்தைச் சாதாரணமாக இறக்கிவிடுகிறோம்.

நம்பிக்கை: டயரிலேயே எண் போட்டிருக்கிறதே, அதுதான் அளவு.

அது அந்த டயர் உச்ச எடையைச் சுமப்பதற்கான அழுத்தம். எந்த வண்டியில் மாட்டப்போகிறார்கள் என்பது டயர் செய்தவருக்குத் தெரியாது. உங்கள் வண்டிக்கான எண் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டிய சீட்டிலோ கையேட்டிலோ இருக்கும். முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று. சில வண்டிகளில் காலிக்கும் லோடுக்கும் வெவ்வேறு. லோடுக்கான காற்றோடு வாரக்கணக்கில் காலியாக ஓட்டினால் பின்பக்கம் துள்ளும், நடுப்பட்டை மட்டும் தேயும், மழையில் பிரேக் பிடிக்கும்போது வழுக்கும்.

நம்பிக்கை: கூடுதல் லோடா? கூடுதலாகக் காற்றடித்தால் தாங்கும்.

தாங்காது. உச்ச அளவைத் தாண்டி அடிக்கும் காற்றால் டயரின் சுமக்கும் திறன் ஒரு கிலோகூட ஏறாது.

நம்பிக்கை: ஓர் உதை விட்டாலே தெரிந்துவிடும்.

ரேடியல் டயர் சரியான காற்றிலும் அடியில் சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். கேஜ் வையுங்கள்.

நைட்ரஜன்? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். மீதிக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபின், காலையில் கிளம்புமுன் அளவு பாருங்கள். வழியில் சூடான டயர் நாலைந்து கூடுதலாகக் காட்டினால் இறக்கிவிடாதீர்கள். அப்படியே அந்த ஸ்டெப்னியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.