சிற்றூர் காத்த மொழி

ஒரு மொழியின் அழிவு எப்போது தொடங்குகிறது? பெற்றோர் தம் பிள்ளைகளிடம் அதைப் பேசத் தயங்கும் நாளில் தொடங்குகிறது. போலந்து நாட்டுச் சிற்றூர் ஒன்றின் வரலாறு இதற்குச் சான்று.

தென்போலந்தில் உள்ள விலமோவிட்சே என்னும் ஊரில் ஏறத்தாழ மூவாயிரம் மக்கள் வாழ்கின்றனர். 13ஆம் நூற்றாண்டில் மேற்கிலிருந்து வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களாகத் தம்மைக் கருதும் இவ்வூராரின் மரபுமொழி விமிசொரிசு. ஆங்கிலம், டச்சு ஆகியவற்றைப்போல இதுவும் ஜெர்மானிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் போலிய மொழி வழங்க, இவ்வோர் ஊரில் மட்டும் இது பல நூற்றாண்டுகள் நிலைத்தது. இம்மொழி இலக்கிய வளமும் பெற்றது. இவ்வூரில் பிறந்த கவிஞர் புளோரியன் பியெசிக், தாந்தேயின் காவியத்தை அடியொற்றி, மறுமை உலகைப் பாடும் நெடும்பாடல் ஒன்றை இம்மொழியில் இயற்றினார்.

இரண்டாம் உலகப்போர் இம்மொழியின் போக்கை மாற்றியது. போர் முடிந்ததும், இவ்வூரார் ஜெர்மானியர் எனக் கருதப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். பலர் வீடுகளை இழந்தனர். சிலர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 1945இல் அவர்களது மொழியும் மரபுடையும் தடை செய்யப்பட்டன. 1956இல் தடை நீங்கிற்று, அச்சம் நீங்கவில்லை. தாம் பட்ட துன்பம் பிள்ளைகளைத் தொடரலாகாது என எண்ணிய பெற்றோர், அவர்களிடம் போலிய மொழியிலேயே பேசினர். அன்பின் காரணமாகவே தாய்மொழி மறைக்கப்பட்டது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைப் பேசியோர் நூற்றுவருக்கும் குறைவு. அவருள் பெரும்பாலோர் முதியோர்.

அந்நிலையில் மொழியைத் தேடிப் புறப்பட்டவர், 1993இல் பிறந்த திமொத்தேயுசு குருல். சிறுவராக இருந்தபோதே முதியோரின் வீடுகளுக்குச் சென்று, அவர்தம் பேச்சை ஒலிப்பதிவு செய்தார். பின்னர் இளையோருக்கு அம்மொழியைக் கற்பித்தார். வார்சா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இம்முயற்சிக்குத் துணைநின்றனர். இளைஞர்கள் 'குட்டி இளவரசன்' முதலிய கதைகளை விமிசொரிசு மொழியில் நாடகமாக நடித்தனர். தடைக்கு அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கிய மொழி, பேரப்பிள்ளைகளின் நாவில் மேடையேறியது.

இம்மொழி பிழைத்துவிட்டது எனக் கூற இயலாது. இளமையிலேயே இதைத் தாய்மொழியாகப் பெற்ற முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். மேடையில் ஒலிக்கும் மொழி மீண்டும் தாலாட்டிலும் உணவு வேளைப் பேச்சிலும் ஒலித்தால்தான் அது வாழும். அதற்குத் தேவை, சொல்ல முன்வரும் முதியோரும் கேட்க அமரும் இளையோரும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊர் முதியோரிடம் உரையாடி, இன்று வழக்கொழிந்து வரும் பத்துச் சொற்களைப் பொருளுடன் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.