மனம் கலங்கியவர் முன் பொலிஸார்

2009 ஒக்டோபரில், கொழும்பு பம்பலப்பிட்டிக் கடலில் மனநோயுற்ற தமிழ் இளைஞர் ஒருவர் கைகூப்பி மன்றாடியபடியே அடிபட்டு, மூழ்கி இறந்தார். வாகனங்களுக்குக் கல்லெறிந்தார் என்பதே அவர்மீது சொல்லப்பட்ட குற்றம். அடித்தவர்களில் பொலிஸாரும் இருந்தனர். நோயைக் குற்றமாகக் கண்டதன் விளைவு இது.

இதைப் பயிற்சியால் மாற்றலாம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல் மனநோயுற்ற ஒருவரைப் பொலிஸார் சுட்டுக்கொன்றனர். அதன்பின், 1988இல் அங்கு பொலிஸாருக்குத் தனிப்பயிற்சி ஆரம்பமானது. 40 மணிநேரப் பாடம் அது: சற்றுத் தள்ளி நிற்றல், ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசுதல், அவசரப்படுத்தாதிருத்தல், சிறைக்கூட்டுக்கு அல்ல, வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல்.

பயிற்சி பெற்றவர்தான் வருவார் என்று நாம் காத்திருக்க முடியாது. காணியை விட்டு வந்து அக்குறணையில் தங்கியிருக்கும் நம் குடும்பங்களிலும் இந்நோய் வரலாம். ஆகவே:

1. கிளினிக் கொப்பியையும் மருந்துகளையும் உடனே எடுத்துக் காட்டக்கூடிய இடத்தில் வைப்போம்.
2. "இவர் நோயாளி, அதட்டினால் பயப்படுவார்" என்று சிங்களத்திலும் எழுதி வைப்போம்.
3. பொலிஸார் வந்தால் நெருங்கிய ஒருவர் நோயாளியின் கூடவே நிற்கட்டும், மற்றவர்கள் விலகுவோம்.
4. இரு இலக்கங்களை மனதில் வைப்போம்: தேசிய மனநல நிறுவகம் 1926, இலவச அம்புலன்ஸ் 1990.

சிந்திக்க: நம் அயலில் ஒருவர் இப்படிக் கலங்கினால், அவருடன் முதலில் பேசப்போவது யார்?