விற்பவர் கற்க வேண்டிய பாடம்

சரக்கை விளைவிப்பது ஒரு வித்தை; அதை விற்றுப் பணமாக்குவது மற்றொரு வித்தை. ஏலக்காய் விளைவிப்பதிலும் தறி ஓட்டுவதிலும் நம் அங்கத்தினர்கள் கைதேர்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. விற்பனையிலோ, தனித்து நிற்பவன் எளிதில் ஏமாறுவான் என்பதை அறிந்தே நம் முன்னோர் சங்கம் அமைத்தனர். இன்று கைபேசி வழியாக அங்கத்தினர் தனித்து விற்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அதனால் நன்மை உண்டு; ஆயினும் அவ்வழியில் ஒரு படுகுழியும் உண்டு. அக்குழி எங்கே இருக்கிறது, அதில் விழாமல் நடப்பது எவ்வாறு என்பதே இம்மாதப் பாடமாகும்.

நடுவர் உள்ள சந்தையும் இல்லாத சந்தையும்

ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம் முதலிய அடிவாரத்து ஊர்களில் வீடும் மலைமேல் தோட்டமுமாக வாழும் விவசாயிகள் போடிநாயக்கனூர் ஏலத்தை நன்கு அறிவர். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல நிலையத்தில், எண்ணிடப்பட்ட ஒவ்வொரு சரக்கின் மாதிரியும் வியாபாரிகளின் கைக்கு வருகிறது. அவர்கள் நிறமும் பருமனும் பார்த்து விலை கேட்கின்றனர். ஏலம் நடத்துபவர் வாரியத்தின் உரிமம் பெற்றவர். வாங்குபவரும் உரிமம் பெற்றவர். விவசாயிக்குப் பணம் சேர்ப்பிக்கும் பொறுப்பு ஏலம் நடத்துபவருடையது. ஆண்டிபட்டிப் பக்கத்து நெசவாளர் நிலையும் இத்தகையதே. சங்கத்தில் சேர்ந்தவர் சேலையை அங்கே ஒப்படைத்துக் கூலி பெறுகிறார். விற்பனையைச் சங்கமும், 1935ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸும் பார்த்துக்கொள்கின்றன. இவ்விரண்டிலும் விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையே ஒரு நடுவர் நிற்கிறார்.

நிற்க. மின்மோட்டார் வந்தபின் பயனற்றுக் கிடக்கும் டீசல் பம்புசெட்டு, மருந்து தெளிப்பான், பழைய ஜீப்பு, கறவை மாடு, உபரியான தறிச் சாமான்கள் ஆகியவற்றை ஏல நிலையத்தில் விற்க முடியாது. இவற்றை ஓ.எல்.எக்ஸ். போன்ற இணைய விளம்பரத் தளங்களிலும், முகநூல் சந்தையிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் படம் போட்டு விற்கின்றனர். செலவில்லை, தூரத்து ஊர்க்காரர்களும் விலை கேட்கின்றனர். ஆனால் அங்கே நடுவர் இல்லை. மறுமுனையில் பேசுபவர் யார், எந்த ஊர், கையில் பணம் உண்டா என்பதை உறுதி செய்வார் எவருமிலர். அந்த நடுவர் வேலையை விற்பவர் தாமே செய்துகொள்ள வேண்டும்.

செலுத்தும் சீட்டும் எடுக்கும் சீட்டும்

மோசடியை அறிவதற்கு முன், கைபேசி வழிப் பணம் எவ்வாறு நடக்கிறது என்பதை அறிதல் நலம். யு.பி.ஐ. என்னும் முறையை இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016ஆம் ஆண்டில் ஏற்படுத்திற்று. ஜிபே, போன்பே முதலிய செயலிகள் யாவும் இம்முறையில்தான் பணத்தை ஒரு பாங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு கணக்குக்கு மாற்றுகின்றன.

நம் சங்கத்தில் இரண்டு சீட்டுகள் உண்டு. ஒன்று பணம் செலுத்தும் சீட்டு. உமது கணக்கு எண் தெரிந்தால், எவரும் உமது கணக்கில் பணம் கட்டலாம். அதற்கு உமது கையெழுத்து வேண்டியதில்லை. நீர் வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தாலும் பணம் வரவாகிவிடும். மற்றொன்று பணம் எடுக்கும் சீட்டு. அதில் உமது கையெழுத்து இருந்தே தீர வேண்டும்.

யு.பி.ஐ. முறையில் பின் நம்பர் எனப்படும் நாலிலக்க அல்லது ஆறிலக்க ரகசிய எண்ணே உமது கையெழுத்து. பிறருக்குப் பணம் கொடுக்கும்போதும், உமது கணக்கின் இருப்பைப் பார்க்கும்போதும் அதைப் போட வேண்டும். பணம் பெறுவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை. கட்டம் கட்டமாக அச்சிட்ட க்யூ.ஆர். கோடு என்பதோ, பணம் பெறுபவரின் முகவரி. கடைக்காரர் அதைத் தம் மேசைமேல் ஒட்டி வைத்திருக்கிறார். பொருள் வாங்குபவர் அதை ஸ்கேன் செய்து பணம் கொடுக்கிறார். ஆகவே ஸ்கேன் செய்பவர் பணம் கொடுப்பவரேயன்றிப் பெறுபவர் அல்லர்.

பாடத்தின் சாரம் இவ்வளவே. பணம் வாங்க வேண்டியவரை ஸ்கேன் செய்யச் சொல்பவனும், ரகசிய எண்ணைப் போடச் சொல்பவனும், பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்துக் கேட்கிறான்.

ஓர் உதாரணம்

ராசிங்காபுரத்தில் ஓர் அங்கத்தினர் தம் பழைய பம்புசெட்டை ரூபாய் 18,000க்கு விளம்பரம் செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் அழைப்பு வருகிறது. பேசுபவர் தாம் ராணுவத்தில் பணிபுரிவதாகவும், மாற்றலாகி மதுரைக்கு வருவதாகவும் சொல்லி, சீருடை அணிந்த படத்தையும் அடையாள அட்டையையும் அனுப்புகிறார். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. சரக்கைப் பார்க்கவும் விரும்பவில்லை. “பணத்தை இப்போதே அனுப்புகிறேன், நாளை வண்டி வரும்” என்கிறார்.

முதலில் ஒரு சிறு தொகை மெய்யாகவே வரவாகிறது. அங்கத்தினருக்கு நம்பிக்கை பிறக்கிறது. அடுத்து ஒரு க்யூ.ஆர். கோடு வருகிறது. “முழுத்தொகை வர இதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், ஐயா” என்கிறார். அவ்வாறே செய்ததும் ரூபாய் 18,000 கணக்கிலிருந்து போய்விடுகிறது. பதறிக் கேட்டால், “தவறிவிட்டது, இதோ வேறொன்று அனுப்புகிறேன், இரண்டும் சேர்ந்து திரும்பி வரும்” என்கிறார். போனதை மீட்கும் ஆசையில் இரண்டாம் முறையும் பணம் போகிறது.

இது பாமர மக்களுக்கு மட்டும் நேரும் விபத்து என்று எண்ணற்க. 2021 பிப்ரவரியில், அப்போது டில்லி முதலமைச்சராயிருந்த அரவிந்த் கெஜ்ரிவாலின் மகள் ஒரு பழைய சோபாவை இணையத்தில் விற்க முயன்றபோது இதே முறையில் ரூபாய் 34,000 இழந்தார். முதலில் ஒரு சிறு தொகை வந்தது. பின் கோடு வந்தது. ரூபாய் 20,000 போயிற்று. தவறு நேர்ந்துவிட்டது என்று மற்றொரு கோடு வந்தது; மேலும் ரூபாய் 14,000 போயிற்று. பின்னர்க் காவல்துறையினர் மூவரைக் கைது செய்தனர். உயர்ந்த கல்வியும் இதற்குக் காப்பாகவில்லை.

மோசடிக்காரர்கள் தொழில்முறையாகக் கூடி இயங்குகின்றனர் என்பதும் அறியத்தக்கது. 2023 ஏப்ரலில் ஹரியானாக் காவல்துறையினர் நூஹ் மாவட்டத்தில் 14 கிராமங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடத்திப் பலரைக் கைது செய்தனர். நாடெங்கும் ஏறத்தாழ 28,000 பேரிடம் ரூபாய் 100 கோடிக்கு மேல் அவர்கள் பறித்திருப்பதாகக் காவல்துறை பின்னர்த் தெரிவித்தது. உம்மோடு பேசுபவன் அன்றைய தினமே பத்துப் பேரிடம் அதே வசனத்தைப் பேசியிருக்கக் கூடும்.

விற்பவர் ஏன் விழுகிறார்?

கடன் கொடுக்கும்போதும் பொருள் வாங்கும்போதும் நாம் விழிப்போடு இருக்கிறோம். நம் பணம் கையை விட்டுப் போகிறதல்லவா? விற்கும்போதோ, பணம் வரப்போகிறது என்ற மகிழ்ச்சியில் எச்சரிக்கை தளர்ந்துவிடுகிறது. மோசடிக்காரன் இம்மனநிலையை நன்கு அறிவான். சீருடையின் மீதுள்ள மரியாதை, முதலில் வந்த சிறு தொகை தரும் நம்பிக்கை, “உடனே செய்யுங்கள்” என்னும் அவசரம் ஆகிய மூன்றும் அவனுடைய ஆயுதங்கள். பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. அவன் பதறச் செய்வதும் அதனால்தான்.

வேறு வேடங்கள்

ஒன்று: போலி ரசீது. நெசவாளர் ஒருவரிடம் இருபது சேலைக்குச் சொல்லிவிட்டு, பணம் அனுப்பியதாகப் பச்சைக் குறியிட்ட படத்தை அனுப்புவர். சரக்கைப் பேருந்தில் ஏற்றிவிடச் சொல்வர். அத்தகைய படத்தைப் போலிச் செயலியால் நொடியில் செய்துவிடலாம். படம் பணமாகாது.

இரண்டு: அதிகமாக அனுப்பிவிட்டேன் என்பது. ரூபாய் 2,000க்குப் பதில் ரூபாய் 20,000 வந்ததாக ஒரு குறுஞ்செய்தி வரும். மிச்சத்தைத் திருப்பி அனுப்புமாறு அழுகுரலில் கேட்பர். செய்தி பாங்கியிலிருந்து வந்திராது. ஏதோ ஒரு கைபேசி எண்ணிலிருந்து வந்திருக்கும். மெய்யாகவே அதிகப் பணம் வந்திருந்தாலும், நீரே திருப்பி அனுப்பாமல் பாங்கிக் கிளையில் அறிவிப்பதே முறை. அப்பணம் மற்றொருவரிடம் திருடியதாக இருக்கலாம்.

மூன்று: முன்கட்டணம். வண்டி வாடகை, பதிவுக் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று ஏதேனும் ஒரு பெயர் சொல்லி, பின்னர்ச் சேர்த்துத் தருவதாகக் கூறி விற்பவரிடமே பணம் கேட்பர்.

நான்கு: உதவிச் செயலி. “பணம் வரவில்லையா? இந்தச் செயலியைப் போடுங்கள், நான் சரிசெய்கிறேன்” என்பர். அது உமது கைபேசித் திரையை அவன் கண்ணுக்குக் காட்டும் செயலி. எனிடெஸ்க் என்னும் அத்தகைய செயலியைப் பற்றி ரிசர்வ் பாங்கி 2019ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது.

ஐந்து: பணம் கேட்கும் கோரிக்கை. முன்னர் ஒரு தனிநபர் மற்றொருவரின் கைபேசிக்கு “இவ்வளவு தருக” என்னும் கோரிக்கையை அனுப்ப முடிந்தது. அதைப் பணம் வந்த அறிவிப்பு என்று எண்ணிப் பலர் ரகசிய எண்ணைப் போட்டனர். தனிநபர்களிடையே இவ்வசதி 2025 அக்டோபர் முதல் நிறுத்தப்பட்டது. வியாபாரிகளின் கோரிக்கைகள் நீடிப்பதாலும், க்யூ.ஆர். வழி திறந்தே இருப்பதாலும், எச்சரிக்கையைக் கைவிடலாகாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. பணம் பெற ஸ்கேன் செய்யற்க; ரகசிய எண்ணைப் போடற்க. ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லற்க. மாட்டுத் தாவணியில் துண்டுக்கடியில் விரல் பிடித்துப் பேசும் விலையை இருவர் அறிவர்; ரகசிய எண்ணையோ ஒருவரே அறிய வேண்டும்.

2. குறுஞ்செய்தியையும் படத்தையும் நம்பாது, உமது செயலியிலோ பாங்கியிலோ கணக்கைப் பார்த்து, வரவான பிறகே சரக்கைக் கொடுக்க. காசோலையாயின், அது வசூலாகும் வரை பொறுத்திருக்க.

3. சரக்கைப் பார்க்காமலே, பேரம் பேசாமலே முழு விலைக்குச் சம்மதிப்பவரைக் கண்டு மகிழாது ஐயுறுக. பம்புசெட்டு வாங்குபவர் அதை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் வாங்குவாரோ?

4. நேரில் வரச் சொல்லுக. பகலில், நாலு பேர் நடமாடும் இடத்தில், துணையோடு விற்க.

5. விளம்பரத்தின் வழியே வரும் பணத்துக்கென்று சிறு இருப்புள்ள தனிக் கணக்கு வைத்துக்கொள்க. மகசூல் பணம் கிடக்கும் கணக்கை இதில் ஈடுபடுத்தற்க.

ஏமாந்தவர் செய்ய வேண்டியது

வெட்கப்பட்டு மறைப்பது மோசடிக்காரனுக்குச் செய்யும் உதவி. பணம் போன அக்கணமே 1930 என்னும் எண்ணுக்கு அழைக்க வேண்டும். அங்கே பதிவாகும் புகார் பாங்கிகளுக்குச் செல்கிறது. பணம் கைமாறிப் போவதற்குள் அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. நேரம் கடந்தால் பணம் பல கணக்குகளில் சிதறிவிடும். பின்னர் இணையக் குற்றப் புகார்த் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். பாங்கிக்கும் உடனே தெரிவிக்க. அழைப்பு வந்த எண், செய்திகள், பரிமாற்ற எண் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொள்க.

ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை இங்கே அறியத்தக்கது. வாடிக்கையாளரே ரகசிய எண்ணை வெளிவிட்டு நேர்ந்த இழப்பை, பாங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும். தெரிவித்த பிறகு நேரும் இழப்பைப் பாங்கி ஏற்கும் என்று அது வகுத்தது. எனவே தாமதத்தின் விலையை நாமே கொடுக்கிறோம். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுபவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்றாண்டு வரை சிறையும் ரூபாய் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.

சங்கத்தின் கடமை

இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டு ராச்டேல் நகரத்தில் 28 தொழிலாளர் கூடிக் கடை திறந்தபோது, கடன் இல்லை, ரொக்கமே என்ற விதியை வகுத்துக்கொண்டனர். கையிலே காசு, வாயிலே தோசை என்று நாம் சொல்வதும் அதுவே. வியாபாரம் கைபேசிக்கு மாறினாலும் அவ்விதி மாறவில்லை. கைபேசி புரியாத முதியவர் எவரேனும் பொருள் விற்க முனைந்தால், படித்த இளைஞர் ஒருவர் உடனிருந்து வரவைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். ஐயம் தோன்றிய அங்கத்தினர், பணம் பற்றிய எச்செயலையும் செய்யுமுன் சங்க அலுவலகத்துக்கு வந்து ஒரு வார்த்தை கேட்கலாம். மெய்யாக வாங்க விரும்புபவர் அரை மணி நேரம் காத்திருப்பார். காத்திருக்க மறுப்பவரை விட்டுவிடுவதால் நஷ்டமில்லை.

படிப்பு வட்டத்துக்குரிய வினாக்கள்

1. பணம் செலுத்தும் சீட்டுக்கும் எடுக்கும் சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை யு.பி.ஐ. முறையோடு ஒப்பிட்டு விளக்குக.

2. முதலில் சிறு தொகை அனுப்புவதன் நோக்கம் யாது?

3. போடி ஏல நிலையத்தில் விற்பவருக்கு உள்ள பாதுகாப்புகளுள் எவை இணைய விளம்பரத்தில் இல்லை?

4. பணம் போனதும் முதலில் அழைக்க வேண்டிய எண் எது? அதை மனப்பாடமாகச் சொல்லுக. வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்க.