பிள்ளையாரின் எருக்கலையும் வண்ணத்துப்பூச்சியும்

விநாயகப் பெருமானுக்கு உகந்த மலர்களுள் எருக்கலம்பூவும் ஒன்றாகும். ஆவணிச் சதுர்த்தியன்று அறுகம்புல்லோடு எருக்கலம்பூ மாலையும் சாத்தப்படுகிறது. 21 வகைப் பத்திரங்களால் செய்யும் அருச்சனையிலும் இதன் இலைக்கு இடமுண்டு. திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் அவதரித்த திருஎருக்கத்தம்புலியூரில் வெள்ளெருக்கே தலவிருட்சம். இத்துணைச் சிறப்பிருந்தும், ஆலய வளவில் தானாக முளைக்கும் எருக்கலை திருவிழாவுக்கு முந்திய சிரமதானத்தில் மண்வெட்டிக்கு இரையாகிவிடுகிறது. பிறகு மாலைக்குப் பூத் தேடிக் கடற்கரைக்கு ஓடுகிறார்கள்!

பாண்டிருப்பு, கல்முனை, காரைதீவு எனத் தொடரும் இம்மணற்கரைக்கு எருக்கலை இயல்பான செடியாகும். இதன் இலையின் அடிப்பக்கத்தில் ஒருவகை வண்ணத்துப்பூச்சி ஒவ்வொன்றாக முட்டையிடுகிறது. செம்மஞ்சள் சிறகும், நுனியில் கறுப்பும், அதன்மேல் வெள்ளைப் பட்டையும் அதன் அடையாளம். 1758இல் லின்னேயசு என்னும் அறிஞர் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். சில நாட்களில் வெளிவரும் புழு எருக்கலை போன்ற பாற்செடிகளின் இலையையே உண்ணும். முருங்கையோ வாழையோ அதற்கு ஆகாது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளும், முதுகில் மூன்று சோடிக் கரிய கொம்புகளும் உடையது. பலர் இதனை மயிர்க்கொட்டி என்று எண்ணி நசுக்கிவிடுகின்றனர். இதற்கு மயிருமில்லை, தொட்டால் கடியுமில்லை. எருக்கலைப் பாலின் நஞ்சு இதன் உடலில் சேர்வதால் பறவைகள் இதனைத் தீண்டுவதில்லை. முட்டையிலிருந்து பூச்சி பறக்க மூன்று நான்கு கிழமைகள் செல்லும். அதற்கிடையில் செடியைப் பிடுங்கினால் அத்தனையும் அழியும்.

நந்தவனத்து அலரியில் வெள்ளிபோல் மினுங்கித் தொங்கும் கூட்டுப்புழுவைக் கண்டோர் உண்டு. அது இதன் உறவான கரும்பழுப்புப் பூச்சியினுடையது. அலரியும், வேலியில் படரும் குறிஞ்சாவும் எருக்கலையின் குடும்பமே.

எருக்கலம்பூவின் மகரந்தம் தூளாக உதிராது. சிறு பைகளாக இருந்து, தேனுண்ண வரும் பெரிய கருவண்டின் காலில் கொளுவிக்கொள்ளும். உலர்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் இவ்வண்டுதான் கொடித்தோடைக்கும் முருங்கைக்கும் காய் பிடிக்க உதவுவது. அந்த முருங்கை மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் முஸ்லிம் சகோதரரின் வளவுகளில் நின்றாலும் வண்டு ஒன்றுதான்.

அமெரிக்காவில் இக்குடும்பத்துச் செடிகளைக் களைநாசினி அழித்தமை, மொனார்க் என்னும் வண்ணத்துப்பூச்சி வெகுவாகக் குறைந்ததற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. இன்று அங்கே வீட்டு முற்றத்திலும் பாடசாலையிலும் அச்செடிகளைத் தேடி நடுகிறார்கள்.

இங்கே நடுவது எளிது. முற்றிய கம்பை வெட்டி, பால் உலர ஓரிரு நாள் நிழலில் வைத்து, மணற்பாங்கான மேட்டில் ஊன்றினால் போதும். வெள்ளெருக்குக்குக் கம்பே சிறந்தது. விதையில் நிறம் மாறலாம். மாரியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஒரு செடியைப் புழு மொட்டையாக்கினாலும் மீண்டும் துளிர்க்கும். ஆயினும் நான்கைந்து நின்றால் மாலைக்கும் பூ மிஞ்சும். பூச்சிகொல்லி தெளித்தலாகாது. வேரில் பிள்ளையார் செதுக்கவென்று செடியைத் தோண்டுவோருக்கு யார் சொல்வது?

சிறுவர் நடமாடாத மூலையில் நடுதல் நல்லது. பூக் கொய்வோர் கையைக் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. பால் கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, தாமதியாமல் வைத்தியரிடம் காட்டல் வேண்டும்.