யாருக்கு எழுதுகிறோம் என்பதே அளவுகோல்

தாராபுரம்,
மன்னார்.

அன்புள்ள மருமகளுக்கு,

போன கிழமை நீ கேட்ட கேள்விக்கு இரண்டு வரியில் பதில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நீயும் ஆறுதலாக வாசி.

கூட்டாளிமாருக்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பும்போது நீ பெரிய எழுத்தே போடுவதில்லை. வசனத்தின் தொடக்கத்திலும் இல்லை, ஆட்களின் பெயருக்கும் இல்லை. உன் வயதுப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். “அது பிழையா மாமா?” என்று கேட்டாய். கூட்டாளிக்கு எழுதும்போது அது பிழை இல்லை. ஆனால் அந்தப் பழக்கம் தமிழ் எழுதும் கைக்கும் வந்துவிட்டால் பிழைதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீ விளங்கிக்கொள்ள வேண்டும்.

நம் வீதியோரப் பெயர்ப்பலகைகளைப் பார். சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழி. அவற்றில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு ஆங்கிலத்துக்கு மட்டுமே உண்டு. நீ ஓதும் குர்ஆனின் அரபு எழுத்திலும் அது இல்லை. இத்தனை மொழிகள் அது இல்லாமலே இலக்கியமும் சட்டமும் மார்க்கமும் எழுதியிருக்கின்றன. ஆகவே பெரிய எழுத்து இல்லாமல் எழுத்தே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது.

அதை வைத்திருக்கும் மொழிகளும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஜேர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொற்களும் பெரிய எழுத்தில் தொடங்கும். டென்மார்க்கிலும் அப்படித்தான் இருந்தது. 1948ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில் அதைக் கைவிட்டார்கள், அவர்களுடைய மொழிக்கு ஒரு குறையும் வரவில்லை. ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைக்கல்லூரியில் ஹெர்பர்ட் பேயர் என்ற வடிவமைப்பாளர், பேசும்போது காதில் விழாத வேறுபாட்டைக் கண்ணுக்கு மட்டும் எதற்குக் காட்ட வேண்டும் என்று 1925இலேயே சிறிய எழுத்து ஒன்றையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அமெரிக்க எழுத்தாளர் பெல் ஹூக்ஸ் தம் பெயரைச் சிறிய எழுத்திலேயே எழுதினார். தம்மை விடத் தாம் எழுதியதைத்தான் ஆட்கள் பார்க்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

ஆங்கிலத்தில் பெரிய எழுத்து பெரும்பாலும் கண்ணுக்குச் செய்யும் உதவிதான். இங்கே வசனம் தொடங்குகிறது, இது ஓர் ஆளின் பெயர் என்று அது காட்டித் தருகிறது. பொருளையே மாற்றும் இடங்கள் கொஞ்சம் உண்டு. மார்ச் மாதத்துக்கும் அணிவகுத்து நடப்பதற்கும் எழுத்துக்கூட்டல் ஒன்று. துருக்கி நாட்டுக்கும் வான்கோழிக்கும் ஒன்று. முதல் எழுத்துதான் அவற்றைப் பிரிக்கிறது. ஆனாலும் முழு வசனத்தையும் வாசித்தால் எது என்று பெரும்பாலும் விளங்கிவிடும். இணையத்தளத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தட்டினாலும் சிறிய எழுத்தில் தட்டினாலும் ஒரே இடத்துக்குத்தான் போகும். கடவுச்சொல்லிலோ ஓர் எழுத்து மாறினாலும் கதவு திறக்காது.

இனித் தமிழுக்கு வருகிறேன். நம்மிடம் பெரிய எழுத்து இல்லை, புள்ளி இருக்கிறது. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. எகரமும் ஒகரமும் குறிலாக வரும்போது அவற்றுக்கும் புள்ளி உண்டு என்கிறது. அப்படி இருந்தும் ஏட்டில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். புள்ளி போனதும் ‘கொடி’யும் ‘கோடி’யும் ஏட்டில் ஒன்றாகிவிட்டன, ‘செய்’யும் ‘சேய்’யும் ஒன்றாகிவிட்டன. அதோடு துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் எழுதப்பட்டதால், ‘பாவை’யா ‘பரவை’யா என்பதையும் வாசிப்பவரே தீர்மானிக்க வேண்டியிருந்தது.

எழுதியவருக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. பக்கத்தில் இருந்து பாடம் கேட்ட மாணவனுக்கும் இல்லை. பாட்டு அவனுக்கு மனப்பாடம், ஏடு நினைவூட்ட மட்டும்தான். சிரமமெல்லாம் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்களின் தலையில் விழுந்தது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். தொட்டால் ஒடியும் ஏடுகளை ஊர் ஊராகத் தேடி எடுத்து, பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, இது மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று எழுத்து எழுத்தாக அவர்கள் தீர்க்க வேண்டியிருந்தது. ஒருவர் விட்டுவிட்ட புள்ளியை இன்னொருவர் தம் ஆயுளைக் கொடுத்து மீட்டார்.

நெடில் ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் வந்தது பதினெட்டாம் நூற்றாண்டில். இத்தாலியிலிருந்து வந்து தமிழ் படித்த வீரமாமுனிவர்தான் அதைச் செய்தார் என்பார்கள். தாய்மொழியாகப் பேசியவர்கள் பழக்கத்தால் கடந்துபோன குழப்பம், வெளியிலிருந்து வந்து எழுத்துக்கூட்டி வாசித்தவரின் கண்ணில் பட்டது.

அரபியிலும் இதுவே நடந்தது. மதரஸாவில் பா, தா, ஸா என்று நீ முதல் படித்த எழுத்துகளை நினைத்துப் பார். மூன்றுக்கும் உடல் ஒன்று. கீழே ஒரு புள்ளி இருந்தால் பா, மேலே இரண்டு இருந்தால் தா, மூன்று இருந்தால் ஸா. மிகப் பழைய குர்ஆன் பிரதிகளில் இந்தப் புள்ளிகள் மிகக் குறைவு. ஸபர், ஸேர் போன்ற உயிரொலிக் குறிகள் இல்லவே இல்லை. குர்ஆனை நெஞ்சில் வைத்திருந்தவர்களுக்கு அவை தேவைப்படவில்லை. இஸ்லாம் அரபு பேசாத நாடுகளுக்குப் பரவி, புதியவர்கள் பிழையாக ஓதத் தொடங்கியபோதுதான் குறிகள் வந்தன. உயிரொலிக் குறிகளுக்கு முதல் வழி காட்டியவர் ஏழாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ என்றும், இன்று நாம் காணும் வடிவை அடுத்த நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் தந்தார் என்றும் வரலாறு சொல்கிறது. அந்தக் குறிகள் இருப்பதால்தான் அரபு நாட்டைக் கண்டிராத தாராபுரத்துப் பிள்ளை ஏழு வயதில் திருத்தமாக ஓதுகிறது.

இரண்டு வரலாற்றிலும் ஒரே உண்மைதான் இருக்கிறது. முன்பே அறிந்தவனுக்குக் குறி வேண்டாம். தூரத்தில் இருப்பவனுக்கும் பிறகு வருபவனுக்கும் வேண்டும். குறியை விடும்போது எழுதுகிறவருக்கு மிச்சமாகும் உழைப்பை வாசிக்கிறவர் செலுத்துகிறார்.

இப்போது நம் குடும்பக் குழுவை எடுத்துக்கொள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பிறகு நம் ஆட்களில் பாதிப்பேர் புத்தளத்தில் வேர்விட்டுவிட்டார்கள். சிலர் திரும்பி வந்தோம். இளைஞர்கள் கட்டாரில் வேலை செய்கிறார்கள். ஒரு குடும்பம் ஒன்றாக இருப்பது இன்று இந்தச் செய்திகளால்தான். அதில் நீங்கள் தமிழை ஆங்கில எழுத்தில், எல்லாம் சிறியதாக, எழுதுகிறீர்கள். ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைக்கும் முறைகள் பலவற்றில் பெரிய எழுத்துக்கு உண்மையான வேலை உண்டு என்பது உனக்குத் தெரியும். சிறிய எல் தட்டினால் ல, பெரிய எல் தட்டினால் ள. சிறிய ஆர் ர, பெரிய ஆர் ற. சிறிய என் ன, பெரிய என் ண. அந்த வேறுபாட்டையும் விட்டால் பள்ளிவாசல் பள்ளியும் சுவரில் ஊரும் பல்லியும் ஒன்று. கறியும் கரியும் ஒன்று. மாரியில் வீட்டுக்குள் வெள்ளம் என்று ஒருவர் அவசரமாக எழுதினால், அதே எழுத்தில்தான் வெல்லமும் வரும். உன் வயதுக்காரர் சட்டென்று விளங்கிக்கொள்வார்கள். உன் உம்மும்மா தமிழ் நன்றாக வாசிப்பார், ஆங்கில எழுத்து அவருக்குத் தெரியாது. பேரப்பிள்ளைகளின் செய்தியை யாராவது வாசித்துக் காட்டும்வரை அவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் சொல்வது இதுதான். கூட்டாளிக்கு ஆங்கிலத்தில் எழுதினால் உன் விருப்பப்படி எழுது; அது உங்களுக்குள் உள்ள நெருக்கத்தின் அடையாளம், அதில் ஒருவருக்கும் நட்டமில்லை. இன்னொருவர் சிறிய எழுத்தில் எழுதியதை அறியாமை என்று நினைக்கவும் வேண்டாம். ஆசிரியருக்கோ அலுவலகத்துக்கோ எழுதும்போது பெரிய எழுத்தை உரிய இடத்தில் போடு. உன்னை அறியாதவர் உன் எழுத்தை வைத்துத்தான் உன்னை அறிகிறார். அடுத்து வரும் சாதாரண தரப் பரீட்சையில் விடைத்தாளைத் திருத்துபவரும் அப்படித்தான். கை இரண்டு விதமும் பழகியிருக்க வேண்டும். எழுதத் தெரிந்து விடுவது தெரிவு. தெரியாமல் விடுவது இழப்பு.

தமிழை மட்டும் தமிழ் எழுத்தில் எழுது. உன் தொலைபேசியிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. கொஞ்ச நாளில் விரல் பழகிவிடும். ஒற்றையும் நெடிலையும் லகர, ளகர, ழகரங்களையும் விடாதே. நீ இன்று எழுதும் செய்தியை நாளைக்கு உன் பிள்ளை தேடி வாசிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு நீ என்ன நினைத்து எழுதினாய் என்று கேட்க ஆள் இருக்காது; எழுத்து மட்டும்தான் இருக்கும்.

அனுப்பும் முன் ஒருமுறை உன்னிடமே கேள்: இதை வாசிப்பவருக்கு நான் மனதில் வைத்தது தெரியுமா? தெரியும் என்றால் சுருக்கு. தெரியாது என்றால், சந்தேகம் என்றாலும், முழுமையாக எழுது. கேள்வி கேட்கும் பழக்கத்தை விடாதே. நன்றாகப் படி.

வஸ்ஸலாம்.

உன் அன்புள்ள,
மாமா