மடித்து வைத்த சறுக்குக்கும் வயசாகும்

2024 ஏப்ரலில், நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து கிளம்பிய டெல்டா நிறுவனத்தின் போயிங் 767 ஒன்றிலிருந்து அவசரகாலச் சறுக்கு கழன்று விழுந்தது. இரண்டு நாள் கழித்துக் கடலோர வீடொன்றின் அருகே கிடைத்தது. முந்தைய ஆண்டுதான் சிகாகோவில் தரையிறங்க வந்த யுனைடெட் 767-இன் சறுக்கு ஒரு வீட்டுக் கொல்லையில் வந்து விழுந்திருந்தது. அவற்றை முன்வைத்துப் பல கதைகள் உலவுகின்றன.

நம்பிக்கை: விமானம் பழசென்றால் சறுக்கும் பழசு.

அப்படியில்லை. ஒவ்வொரு சறுக்குக்கும் தனி வரிசை எண்ணும் தனிப் பதிவேடும் உண்டு. கெடு வந்ததும் கழற்றிப் பணிமனைக்கு அனுப்புவார்கள். பல வகைகளுக்கு அந்தக் கெடு மூன்று ஆண்டு. அங்கே அதை ஊதி, காற்று இறங்குகிறதா என்று பார்த்து, தையலையும் ஒட்டையும் சோதித்து மறுபடி மடிப்பார்கள். ஆகவே கிழட்டு விமானத்தில் புதுச் சறுக்கு இருக்கலாம். விமானத்தின் வயதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

நம்பிக்கை: பயன்படுத்தாமல் பெட்டிக்குள் கிடப்பது எப்படிக் கெடும்?

இதுதான் பெரிய தவறு. மடிப்பு மாற்றாமல் பீரோவில் வைத்த பட்டுப்புடவை மடிப்பு வழியே இற்றுப்போவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். சறுக்கு என்பது ரப்பரோ பாலியூரிதேனோ பூசிய நைலான் துணி. வெப்பமும் ஈரப்பதமும் அந்தப் பூச்சையும் ஒட்டுப் பசையையும் மெல்ல மெல்லத் தின்கின்றன. சிலிண்டரில் அடைத்த வாயுவும் கசியலாம். அதனால்தான் பல விமானங்களில் கதவருகே சின்னதாக ஓர் அழுத்தமானி தெரியும். முள் பச்சைப் பட்டைக்குள் நிற்கிறதா என்று பணியாளர் பறப்பதற்கு முன் பார்ப்பார்.

அந்தச் சிலிண்டர் மட்டுமே சறுக்கை நிரப்புவதில்லை என்பது பலருக்கும் தெரியாது. உள்ளிருந்து சீறும் வாயு, சறுக்கிலுள்ள உறிஞ்சுக் குழாய்கள் வழியே வெளிக்காற்றை இழுத்துக்கொள்கிறது. பெரும்பகுதி அப்படி வரும் காற்றுதான். அந்தக் குழாய் வாயிலின் மடல் ஒட்டிக்கொண்டால் சிலிண்டர் நிறைந்திருந்தும் பயனில்லை.

நம்பிக்கை: கதவைத் திறந்தால் விரிந்தே தீரும்.

பயணிகள் இறங்கும் வாசலில் ஆறு நொடியில் விரிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. நடப்பு வேறு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சறுக்குகள் விரிக்கப்பட்ட 19 வெளியேற்றங்களில் 7-இல் ஏதாவது ஒரு சறுக்காவது சிக்கல் கொடுத்திருந்தது. 2009-இல் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தில் முன்பக்க இடது சறுக்கு தானாக ஊதவில்லை. பணியாளர் கைப்பிடியை இழுத்த பிறகே ஊதியது. 2013-இல் சான்பிரான்சிஸ்கோவில் மோதிய ஏசியானா விமானத்தில் இரண்டு சறுக்குகள் கேபினுக்குள்ளேயே விரிந்து பணியாளர்களை நெருக்கின.

ஆனால் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். சில வாசல்கள் உதவாது என்பதைக் கணக்கில் வைத்தே விமானத்துக்கு அனுமதி தருகிறார்கள். பாதி வாசல்களை மூடி, இருட்டில், 90 நொடிக்குள் எல்லாரும் வெளியேறிக் காட்ட வேண்டும். 2006-இல் ஏ380 விமானத்திலிருந்து 873 பேர் 78 நொடியில் இறங்கினார்கள். அந்தச் சோதனையிலேயே 33 பேருக்குக் காயம் என்பதால், சறுக்கை விளையாட்டாக நினைப்பதும் தப்பு. தனியொரு சறுக்கைக் கொஞ்சம் குறைவாகவும், மொத்த ஏற்பாட்டைக் கூடுதலாகவும் நம்பலாம் என்பது என் கணிப்பு.

2024 ஜனவரி 2-ஆம் தேதி டோக்கியோவின் ஹனேடாவில் எரிந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானத்தில் எட்டு வாசல்களில் மூன்றுதான் உதவின. 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். எனவே உட்கார்ந்ததும் அருகிலுள்ள வாசலோடு நிறுத்தாமல், இன்னொரு வாசல் எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். இறங்கச் சொன்னால் பையைத் தொடாதீர்கள், குதிகால் உயர்ந்த செருப்பைக் கழற்றிவிடுங்கள். இரண்டுமே சறுக்கைக் கிழிக்கக்கூடியவை.