நீக்கினேன் என்று நினைத்தேன்: மேகக் கணக்கில் தங்கிவிடும் செயலிகள்

கைப்பேசியில் ஒரு செயலி வேண்டாம் என்றால் அதன் படத்தை அழுத்திப் பிடித்து அழித்துவிடுகிறோம். படம் மறைந்துவிடுகிறது. அத்தோடு அச்செயலிக்கும் நமக்கும் இருந்த தொடர்பு முடிந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். இக்கட்டுரை கணினித்துறை மாணவர்களுக்காக எழுதப்பட்டதன்று. என்னைப் போல் கணினியைப் பயன்படுத்த மட்டுமே தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டது.

2016-இல் ஜார்ஜ் டவுனில் கொம்தார் பக்கம் ஒரு கடையில் அம்மாவுக்கு முதல் திறன்பேசியை வாங்கினோம். கடையில் இருந்த இளைஞர், “கூகுள் கணக்கு இருக்காக்கா?” என்று கேட்டார். அம்மாவிடம் இல்லை. புதிதாகத் திறக்க நேரமாகும் என்றார். வெளியே மழை; பேருந்துக்கும் நேரமாகிவிட்டது. என் கணக்கையே தட்டிக் கொடுத்துவிட்டேன். பின்னர் என் பழைய கைப்பேசி தங்கைக்குப் போனபோதும் அதே கணக்குதான் அதில் இருந்தது. ஆக, ஒரே கணக்கில் மூன்று பேர். நம் வீடுகளில் இது புதுமையன்று. ஒரு குடும்பத்துக்கு ஒரு தொலைபேசி இருந்த பழக்கம் இன்னும் நம்மைவிட்டுப் போகவில்லை.

சென்ற ஆண்டு, சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்று கூகுள் எச்சரிக்கை அனுப்பியது. இலவசமாகத் தரப்படும் 15 ஜிபி இடம் மின்னஞ்சல், படங்கள், டிரைவ் மூன்றுக்கும் பொதுவானது. எதை அழிக்கலாம் என்று தேடியபோதுதான் பிளே ஸ்டோரில் என் பெயரில் இருந்த செயலிப் பட்டியலை முதன்முதலாக முழுமையாகப் பார்த்தேன். நூற்றைம்பதைத் தாண்டியது. அம்மா பார்த்த பஞ்சாங்கம், நான் எப்போதோ இறக்கிய கைவிளக்கு, 2020-இல் நாடே பதிவிறக்கம் செய்த மைசெஜாத்ரா, தங்கையின் படத்தொகுப்புச் செயலிகள். அவற்றுக்கு நடுவே, மனச்சோர்வு உடையவர்கள் அன்றாடம் தம் மனநிலையைக் குறித்து வைப்பதற்கான ஒரு செயலி.

அதை நான் இறக்கவில்லை. அம்மாவுக்கு அதன் பெயரைக்கூடப் படிக்கத் தெரியாது. எஞ்சியவள் தங்கை. எஸ்.டி.பி.எம். தேர்வுக்குப் படித்த ஆண்டில் அவள் அதைப் பயன்படுத்தியிருக்கிறாள். வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. (அவள் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு வரிகளை அடிக்கச் சொன்னாள், அடித்துவிட்டேன்.)

என் முதல் எண்ணம், அதை உடனே மறைக்க வேண்டும் என்பதுதான். அம்மாவின் கைப்பேசியிலும் இதே பட்டியல் தெரியுமே! பிளே ஸ்டோரில் வலப்பக்க மேல்மூலையில் உள்ள நம் படத்தைத் தொட்டு, ‘மேனேஜ் ஆப்ஸ் அண்ட் டிவைஸ்’ என்பதற்குள் சென்று, ‘மேனேஜ்’ என்ற பிரிவைத் திறக்க வேண்டும். அங்கே இக்கருவியில் நிறுவப்படாத செயலிகளைத் தனியே காட்டச் சொன்னால் பழையன எல்லாம் வரிசையாக வரும். வேண்டாததைக் குறியிட்டுக் குப்பைத்தொட்டிப் படத்தைத் தொட்டால் பட்டியலிலிருந்து போய்விடும். போய்விட்டது. நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

மூன்று வினைச்சொற்கள்

அந்த நிம்மதி தவறானது. ஏன் என்பதை விளக்க மூன்று தமிழ் வினைகளைப் பிரித்தறிய வேண்டியுள்ளது: அழித்தல், மறைத்தல், துண்டித்தல். ஆங்கில இடைமுகத்தில் பட்டியலிலிருந்து எடுக்கும் இடத்திலும் ‘ரிமூவ்’ என்றே இருக்கும். அணுகலை நிறுத்தும் இடத்திலும் பெரும்பாலும் அதே சொல்தான். ஒரே சொல் இருந்தால் ஒரே செயல் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. இவ்விடத்தில் தமிழில் யோசிப்பதே எனக்கு எளிதாக இருந்தது.

அழித்தல் கைப்பேசியோடு முடிந்துவிடும். மறைத்தல் கணக்கின் பட்டியலோடு முடிந்துவிடும். இவ்விரண்டும் நம் கண்ணுக்கானவை. துண்டித்தல் என்பதோ நம் கணக்குக்கும் அச்செயலியை நடத்தும் நிறுவனத்தின் கணினிக்கும் இடையிலான தொடர்பை அறுப்பது.

அத்தொடர்பு எப்படி உண்டாகிறது? ஒரு செயலியில் ‘கூகுள் வழி நுழைக’ என்ற பொத்தானைத் தொடுகிறோம். அச்செயலிக்கு நம் கடவுச்சொல் போவதில்லை. வீட்டுச் சாவியைக் கொடுக்காமல், ஓர் அறைக்கு மட்டும் பொருந்தும் சாவியைச் செய்து கொடுப்பது போன்ற ஏற்பாடு இது. ‘ஓ-ஆத்’ என்று பெயர். இதன் இரண்டாம் பதிப்பு 2012-இல் தரநிலையாக வெளியிடப்பட்டது. பெயரும் மின்னஞ்சல் முகவரியும் மட்டும் காட்டும் சாவி உண்டு. மின்னஞ்சல்களையே படிக்கவும் அனுப்பவும் இடந்தரும் சாவியும் உண்டு. எதைக் கொடுக்கிறோம் என்பது அனுமதிப் பக்கத்தில் எழுதியிருக்கும். நாம்தான் படிப்பதில்லை.

2017 மே 3 அன்று நிகழ்ந்ததை இதற்குச் சான்றாகக் காட்டலாம். தெரிந்தவர் ஒருவர் ஓர் ஆவணத்தைப் பகிர்ந்திருப்பதாக உலகெங்கும் பலருக்கு மின்னஞ்சல் வந்தது. தொட்டவுடன் வந்தது போலிப் பக்கமன்று. கூகுளின் உண்மையான அனுமதிப் பக்கம். அனுமதி கேட்ட செயலிதான் போலி. அதற்கு ‘கூகுள் டாக்ஸ்’ என்றே பெயர் சூட்டியிருந்தனர். அனுமதித்தவர்களின் முகவரிப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் அதே மின்னஞ்சல் பறந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கூகுள் அதை நிறுத்தியது. பாதிக்கப்பட்டோர் ஜிமெயில் பயனர்களில் 0.1 விழுக்காட்டிற்கும் குறைவு என்றது. ஆனால் அப்போது ஜிமெயிலுக்கு 100 கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள் இருந்தனர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இந்நிகழ்வில் யாருடைய கடவுச்சொல்லும் திருடப்படவில்லை. கொடுத்த சாவியைத் திரும்பப் பெறுவதே அதற்குரிய தீர்வாக இருந்தது.

முகநூல் கதை இன்னும் பெரிது. ஓர் ஆளுமைத் தேர்வுச் செயலியை ஏறத்தாழ 2,70,000 பேர் பயன்படுத்தினர். அவர்களுடைய நண்பர்களின் தகவல்களும் சேர்ந்து 8 கோடியே 70 லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று 2018-இல் முகநூல் நிறுவனமே அறிவித்தது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் என்று நாம் படித்தது இதைத்தான்.

எந்த வரிசையில் செய்வது?

என் தங்கை விவகாரத்துக்கு வருகிறேன். இரண்டு நாள் கழித்து, கூகுள் கணக்கின் அமைப்புகளுக்குள் ‘செக்யூரிட்டி’ பகுதியைத் திறந்தேன். பிற நிறுவனச் செயலிகளோடும் சேவைகளோடும் உள்ள இணைப்புகளை அங்கே காணலாம். அம்மனநிலைச் செயலி அங்கே உட்கார்ந்திருந்தது. அதாவது, பட்டியலிலிருந்து நான் எடுத்தது பெயரை மட்டுமே. அவள் எழுதிய குறிப்புகள் எங்கோ ஒரு நிறுவனத்தின் கணினியில் என் மின்னஞ்சல் முகவரியின்கீழ் இருந்தன. அச்செயலியை மீண்டும் இறக்கி, என் பெயரைத் தொட்டால் போதும். எல்லாவற்றையும் நான் படித்திருக்கலாம்.

படிக்கவில்லை என்று சொல்லிக்கொள்வதில் பெருமை ஒன்றுமில்லை. விரல் ஒரு கணம் நின்றது உண்மை. பிறகு அவளை அழைத்தேன். நீண்ட நேரம் எதுவும் பேசவில்லை. “நீ பாத்தியாக்கா?” என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப நானே வந்து மூடுறேன்” என்றாள்.

அவள் சொன்னதில் ஒரு தொழில்நுட்பப் பாடமும் இருந்தது. நான் அவசரப்பட்டு இணைப்பைத் துண்டித்திருந்தால் அவளுடைய குறிப்புகள் அழிந்திருக்கமாட்டா. துண்டித்தல் இனிமேல் போகும் தகவலைத்தான் தடுக்கும். ஏற்கெனவே போனதைத் திரும்பக் கொண்டுவராது. அதை அழிக்க மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். நுழைந்தால் அறுத்த இணைப்பு மறுபடி உண்டாகும். ஆகவே முதலில் செயலிக்குள் சென்று, அங்குள்ள கணக்கையே மூட வேண்டும். ஆப்பிள் தன் கடைக்கு வரும் செயலிகளில் இவ்வசதி இருக்க வேண்டும் என்று 2022 ஜூன் 30 முதல் கட்டாயமாக்கியது. கூகுளும் இத்தகைய விதியை 2023-இல் அறிவித்தது. செயலியை மீண்டும் நிறுவாமலேயே இணையப் பக்கம் வழியாகவும் கணக்கை அழிக்கக் கோர வழி இருக்க வேண்டும் என்கிறது அவ்விதி.

அடுத்து, சந்தா. கைப்பேசியிலிருந்து செயலியை அழித்தால் மாதக் கட்டணம் நிற்காது. பிளே ஸ்டோரிலோ, ஐபோனின் அமைப்புகளில் நம் பெயரின்கீழோ சந்தாப் பகுதிக்குச் சென்று தனியே நிறுத்த வேண்டும். என் கணக்கில் யாரும் பயன்படுத்தாத படத்தொகுப்புச் செயலி ஒன்று மாதந்தோறும் ரிங்கிட் எடுத்துக்கொண்டிருந்தது. எவ்வளவு என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இவை இரண்டும் முடிந்த பிறகே இணைப்பைத் துண்டித்தல், கைப்பேசியிலிருந்து அழித்தல், பட்டியலிலிருந்து எடுத்தல். நான் செய்தது தலைகீழ்.

டிரைவ் பயன்படுத்துவோர் இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். கணினியில் டிரைவைத் திறந்து, பற்சக்கரப் படத்தைத் தொட்டு, அமைப்புகளில் ‘மேனேஜ் ஆப்ஸ்’ என்பதற்குச் சென்றால், டிரைவோடு ஒட்டிக்கொண்டுள்ள செயலிகள் தெரியும். சில, நம் கண்ணுக்குத் தெரியாத கோப்புகளையும் அங்கே வைத்திருக்கும். அவையும் நம் 15 ஜிபியில்தான் இடம்பிடிக்கும். அங்கிருந்தே அவற்றை அழிக்கவும் செயலியைப் பிரிக்கவும் முடியும். ஆனால் அக்கோப்புகள் நமக்கு வேண்டிய காப்புப்பிரதியாகவும் இருக்கலாம் என்பதால், என்னவென்று தெரியாததை அழிக்க வேண்டாம்.

ஐபோன் வைத்திருப்போருக்கு நிலைமை வேறு. ஆப்பிள் கணக்கில் ஒருமுறை பெற்ற செயலியின் பதிவை அழிக்க இயலாது. மறைக்க மட்டுமே இயலும். ஆப் ஸ்டோரில் நம் படத்தைத் தொட்டு, பெற்ற செயலிகளின் பட்டியலில் அச்செயலியை இடப்பக்கம் தள்ளினால் ‘ஹைட்’ வரும். குடும்பப் பகிர்வில் உள்ள மற்றவர்களின் பட்டியலிலும் அது தெரியாது. மறைத்ததைப் பின்னர் மீட்கலாம். 2024-இல் வந்த ஐ.ஓ.எஸ். 18-இல் செயலியைப் பூட்டி மறைக்கும் வசதியும் உள்ளது. அது அக்கருவியின் திரையில் மறைப்பது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பல்கலைக்கழகம் தந்த மைக்ரோசாப்ட் கணக்கில் நம் உரிமை இன்னும் குறைவு. நாமே அனுமதித்த செயலியின் அனுமதியை ‘மை ஆப்ஸ்’ பக்கத்தில் திரும்பப் பெறலாம். நிருவாகி எல்லாருக்குமாக அனுமதித்ததை நாம் நீக்க இயலாது. பட்டமளிப்புக்குப் பின் அக்கணக்கு நம் கையில் இருக்காது என்பதால், அதன் வழி நுழைந்த வெளிச்செயலிகளில் உள்ள கணக்குகளை இறுதியாண்டிலேயே மூடிவிடுவது நல்லது. பிறகு நுழையவே வழியிராது.

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு, 2013 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 38-ஆம் பிரிவின்படி, நம் தரவைக் கையாள முன்பு தந்த ஒப்புதலை எழுத்துவழி அறிவிப்பால் திரும்பப் பெறலாம். ஆனால் இச்சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கானது. மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. செயலிக்குள் அழிக்கும் வழி இல்லாத வணிக நிறுவனத்துக்கு இப்பிரிவைச் சுட்டி மின்னஞ்சல் எழுதலாம். நான் இரண்டு நிறுவனங்களுக்கு எழுதினேன். ஒன்று நான்கு நாளில் அழித்துவிட்டதாகப் பதில் தந்தது. மற்றொன்றிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

தங்கை அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தாள். தன் பெயரில் புதுக்கணக்குத் திறந்துகொண்டாள். பழைய செயலிக்குள் அவளே நுழைந்து, ஏதோ சில பக்கங்களைத் தன் நோட்டுப்புத்தகத்தில் எழுதிக்கொண்டு, கணக்கை மூடினாள். நான் சமையலறையில் இருந்தேன். முடிந்ததும் அழைத்தாள், இணைப்பைத் துண்டித்தேன்.

அம்மாவுக்கும் தனிக்கணக்குத் திறந்து கொடுத்தோம். முதலில் வாட்சாப்பின் காப்புப்பிரதி போகும் கணக்கை மாற்றி, படங்களை எடுத்து வைத்த பிறகே அவர் கைப்பேசியை முற்றாக அழித்துப் புதிதாகத் தொடங்கினோம். மறுநாள் காலையிலேயே அம்மா கைப்பேசியோடு வந்து நின்றார். “எல்லாம் சுத்தம் பண்ணினீங்க சரி, என் தமிழ் எழுத்து எங்கேடி?” செல்லினத்தை மீண்டும் நிறுவ மறந்திருந்தோம்.